டர்போ மாட்டும் முன் எரிபொருள் அமைப்பில் எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவைக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், போர்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார் (சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் வழியில் பெட்ரோல் தெளிக்கும் வகை). கம்பெனிக் கணக்கில் 110 ஹெச்பி. 0.5 பார் பூஸ்ட்டில் (வளிமண்டலத்துக்கு மேல் டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) டர்போ மாட்டப் போகிறீர்கள், 160 ஹெச்பி வந்தால் போதும் என்கிறீர்கள். பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 3 பாரில் நிமிடத்துக்கு 200 சிசி. மிஞ்சும் பெட்ரோலை எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் கிடையாது. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்தே இருக்கிறது. ஒருவர் பெரிய பம்ப் போட்டாலே போதும் என்கிறார். இன்னொருவர் ஃபியூயல் பிரஷரை ஏற்றிவிட்டால் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம் என்கிறார். மூன்றாமவர் எதற்கும் 1000 சிசி இன்ஜெக்டராக வாங்கிப் போடு, பின்னால் உதவும் என்கிறார். தண்ணீர்-மெத்தனால் தெளிப்பு வைத்துச் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நாலில் எது சரி என்பதைவிட, எஞ்சின் உடையாமல் இருக்க எதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், எங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் எழுதுகிறேன்.

பல வருடங்களாக எஞ்சின் ட்யூனிங்தான் என் தொழில். டர்போ இல்லாமல் வந்த கார்களுக்கு டர்போ மாட்டுவதும், வேறு யாரோ மாட்டி உடைத்துக் கொண்டுவந்ததைத் திறந்து பார்ப்பதும் அதில் பெரும்பகுதி. கீழே வரும் கணக்குகள் உங்களுடையதைப் போன்ற எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் இயற்பியல். அவற்றில் சந்தேகம் கிடையாது. எந்த ரக இன்ஜெக்டர், எந்த வழியில் ரெகுலேட்டர் என்பவற்றில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த இடங்களில் அது என் கருத்து என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் எஞ்சினின் கம்ப்ரெஷன் நிலை, பிஸ்டன் தாங்குமா, கிளட்ச் தாங்குமா என்பதையெல்லாம் வண்டியைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை.

எரிபொருள் குறைந்தால் என்ன ஆகும்? டர்போ இல்லாத எஞ்சினில் கலவை கொஞ்சம் லீனாகப் போனால் (காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லாவிட்டால்) பெரும்பாலும் இழுவை குறையும், வண்டி திக்கும், அவ்வளவுதான். பூஸ்ட்டில் அப்படி இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏற்கெனவே எல்லையில் நிற்கின்றன. அங்கே கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோல் எரிவதற்கு மட்டும் போவதில்லை, ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சி கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. அது குறைந்தால் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது, தொடங்கும். நாக்கிங்கில் முதலில் போவது பெரும்பாலும் பிஸ்டனின் ரிங் உட்காரும் வரப்பு. ஓட்டுகிறவருக்குப் பல நேரம் சத்தமே கேட்காது. எக்ஸாஸ்ட் சத்தத்தில் அமுங்கிவிடும். அப்படி வந்த வண்டிகளில் நான் முதலில் கழற்றுவது ஸ்பார்க் பிளக்கைத்தான். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே லென்ஸ் வைத்துப் பார்த்தால் மினுக்கும் சிறு உருண்டைகள். அந்த உருண்டைகள் பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். அதைப் பார்த்த பிறகு எஞ்சினை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்குச் சில வினாடி எரிபொருள் பற்றாக்குறை போதும் என்பதால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகப் போகிறது.

இனி அடிப்படை விஷயம். இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) உள்ள அழுத்தம் மட்டுமல்ல. ரெயிலுக்கும், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம். இன்ஜெக்டரின் மூக்கு மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. அங்கே 0.5 பார் பூஸ்ட் ஏறினால், கதவை நாம் இந்தப் பக்கம் தள்ளும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எதிர்த்துத் தள்ளுவது போலாகிவிடும். உங்கள் காரில் ரெயில் அழுத்தம் எப்போதும் 3 பார். ஐடிலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருப்பதால் வித்தியாசம் 3.6 பார் அளவுக்கு இருக்கும். முழு ஆக்ஸிலரேட்டரில், டர்போ இல்லாதபோது, 3 பார். 0.5 பார் பூஸ்ட்டில் 2.5 பார்தான். எஞ்சினுக்கு எரிபொருள் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில்தான் இன்ஜெக்டரின் திறன் குறைகிறது. எவ்வளவு குறையும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 2.5-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.91. உங்கள் 200 சிசி இன்ஜெக்டர் பூஸ்ட்டில் 183 சிசி இன்ஜெக்டர் ஆகிவிடுகிறது.

இப்போது தேவையைக் கணக்கிடுவோம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் முழுச் சக்தியில் ஒரு ஹெச்பிக்கு ஒரு மணி நேரத்தில் தோராயமாக 225 கிராம் பெட்ரோல் குடிக்கும். டர்போ எஞ்சினுக்கு 270 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். குளிர்ச்சிக்காகக் கலவையை ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வைக்கிறோம், இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறோம், அதனால் கூடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். ஆக, ஒரு ஹெச்பிக்கு நிமிடத்துக்கு 6 சிசி. 160 ஹெச்பிக்கு 960 சிசி. நான்காக வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 240. இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே கிடக்கக் கூடாது. 80 சதவீத டியூட்டி சைக்கிளுக்கு (திறந்திருக்கும் நேரத்தின் பங்குக்கு) மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். 240-ஐ 0.8-ஆல் வகுத்தால் 300 சிசி. பூஸ்ட்டில் உங்களிடம் இருப்பதோ 183. அந்த இன்ஜெக்டர்கள் நூறு சதவீதம் திறந்தே கிடந்தாலும் நான்கும் சேர்ந்து 122 ஹெச்பிக்கான பெட்ரோலைத்தான் தரும். முதல் நண்பர் சொன்னதுபோல் பம்ப்பை மட்டும் மாற்றினால் இதில் ஒரு சொட்டும் கூடாது; ரெகுலேட்டர் அதே 3 பாரில் வைத்திருக்கும், மிச்சம் டேங்குக்கே திரும்பிவிடும். உங்கள் காரில் முதலில் கை விரிக்கப்போவது இன்ஜெக்டர்தான். இது கருத்து அல்ல, கணக்கு.

இந்த எண்கள் எஞ்சினின் கிராங்க்கில் கிடைக்கும் ஹெச்பிக்கு என்பதையும் கவனியுங்கள். சக்தியை அளக்கும் டைனோவில் சக்கரத்தில் அளந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் தேவை குறைவாகத் தெரியும். கியர்பாக்ஸ் தின்கிற சக்திக்கும் பெட்ரோல் வேண்டும்.

அடுத்து, பிரஷரை ஏற்றும் யோசனை. கொஞ்சமாகத் தேவைப்படும் இடத்தில் இது நியாயமான வழி. 3 பாரிலிருந்து 4 பாருக்குப் போனால் 15 சதவீதம் கூடும். உங்களுக்குத் தேவை 200-லிருந்து 300, அதாவது ஒன்றரை மடங்கு. ஓட்டம் ஒன்றரை மடங்காக வேண்டுமானால் அழுத்த வித்தியாசம் இரண்டேகால் மடங்காக வேண்டும்: 6.75 பார். அதோடு பூஸ்ட் 0.5-ஐச் சேர்த்தால் ரெயிலில் 7.25 பார். அவ்வளவு அழுத்தத்தில் கம்பெனி பம்ப் தரும் அளவு பாதாளத்துக்குப் போய்விடும். பெரும்பாலும் அதற்கு முன்பே அதன் உள்ளே இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். இன்ஜெக்டரின் ஊசியும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தூக்கத் திணறும், திறக்கும் நேரம் தாறுமாறாகும். ஒரு காலத்தில் பூஸ்ட் ஒரு பங்கு ஏறினால் ஃபியூயல் பிரஷரைப் பல பங்கு ஏற்றும் ரெகுலேட்டர்களை டர்போ கிட்டோடு சேர்த்து விற்றார்கள். ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) தொட முடியாத காலத்தின் உபாயம் அது. இன்றைக்கு அதற்குத் தேவை இல்லை. உங்கள் கிட் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் எடுத்து ஓரமாக வையுங்கள்.

1000 சிசி விஷயத்துக்கு வருகிறேன். பெரிதாக வாங்கிவிட்டால் பின்னால் உதவும் என்பது கேட்க நன்றாக இருக்கும். சிக்கல் ஐடிலில் இருக்கிறது. இன்ஜெக்டருக்கு மின்சாரம் போன உடனே அது திறப்பதில்லை. 14 வோல்ட்டில் சுமார் 1 மில்லிசெகண்ட் தாமதம் இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் தாமதம் கூடும். உங்கள் 200 சிசி இன்ஜெக்டர் ஐடிலில் 2.5 மில்லிசெகண்ட் துடிப்பு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உண்மையாகத் தெளிக்கும் நேரம் 1.5. அதே பெட்ரோலைத் தர 1000 சிசி இன்ஜெக்டருக்கு 0.3 மில்லிசெகண்ட்தான் வேண்டும். தாமதக் கணக்கில் 0.1 பிசகினால் உங்கள் பழைய இன்ஜெக்டரில் 7 சதவீதம் தவறும். பெரியதில் 33 சதவீதம் தவறும். ஏசி போட்டவுடன் ஐடில் ஆடும், காலையில் ஸ்டார்ட் ஆகாது, பெட்ரோல் வாடை அடிக்கும். நல்ல தயாரிப்பு, முழுத் தரவோடு வரும் பெரிய இன்ஜெக்டர்களை இன்றைய ஈசியூக்கள் அழகாக ஓட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் உங்கள் இலக்குக்கு அது வேண்டாத தலைவலி. 350 முதல் 400 சிசி வரை போதும். 380 சிசி இன்ஜெக்டர் 2.5 பார் வித்தியாசத்தில் 347 சிசி தரும். 160 ஹெச்பியில் டியூட்டி 70 சதவீதத்துக்குள் நிற்கும். வாங்கும்போது அளவைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பல வோல்டேஜ்களில், பல அழுத்தங்களில் அதன் திறக்கும் தாமதம் என்ன என்ற அட்டவணை. அந்த அட்டவணை இல்லாமல் விலை குறைவாக வரும் இன்ஜெக்டர் கடைசியில் ட்யூனிங் நேரமாக உங்களிடம் வசூலித்துவிடும். மின்தடையையும் பாருங்கள்: 12 முதல் 16 ஓம் வரை உள்ளவை உங்கள் ஈசியூவோடு நேரடியாக ஒத்துப்போகும், 2 முதல் 4 ஓம் உள்ளவற்றுக்குத் தனி டிரைவரோ தடைப்பெட்டியோ வேண்டும், இல்லையென்றால் ஈசியூவே புகைந்துவிடும்.

பம்ப்பைப் பற்றி நான் இன்னும் மாற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தேவை நிமிடத்துக்கு 960 சிசி, அதாவது மணிக்கு சுமார் 58 லிட்டர். கால் பங்கு கூடுதலாக வைத்தால் 72 லிட்டர். நல்ல நிலையில் உள்ள கம்பெனி பம்ப் இதைத் தாண்டவும் கூடும், பழைய பம்ப் தோற்கவும் கூடும். பம்ப் பெட்டியில் 255 லிட்டர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அந்த எண் எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் அளந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற ஓட்டம் குறையும், வோல்டேஜ் இறங்க இறங்க ஓட்டம் குறையும். இரண்டும் ஒன்றாகச் சேருவது முழு பூஸ்ட்டில்தான்.

அளப்பது இப்படி. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு, ஸ்விட்ச், செல்போன் எதுவும் வேண்டாம், கைக்கு எட்டும் தூரத்தில் பெட்ரோல் தீக்கான எக்ஸ்டிங்விஷர் இருக்க வேண்டும். பம்ப்பிலிருந்து வரும் லைனில் தற்காலிகமாக ஒரு அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டரும் கேஜும் மாட்டுங்கள். அதன் ரிட்டர்ன் வாயை பெட்ரோல் தாங்கும் ஹோஸ் வழியாக அளவுக் கோடு போட்ட, பெட்ரோல் தாங்கும் கேனுக்குள் விடுங்கள். பேட்டரியில் சார்ஜர் போட்டு பம்ப் கனெக்டரில் 13.5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ரிலேயை ஜம்ப்பர் போட்டு பம்ப்பை ஓடவிட்டு, கேஜ் 3.5 பார் காட்டும்படி திருகை வைத்துவிட்டு, சரியாக 30 வினாடி பிடியுங்கள். 600 மில்லிக்கு மேல் வந்தால் உங்கள் 160 ஹெச்பிக்கு அந்த பம்ப் போதும். 600-ஐ ஒட்டி வந்தாலே மாற்றிவிடுவது நல்லது. டேங்குக்குள் இருக்கும் ரெகுலேட்டர் 3 பாரில் திறந்துவிடும் என்பதால் உங்கள் மாடியூலில் (பம்ப் உட்கார்ந்திருக்கும் கூட்டில்) அதை நீக்கி அடைத்தால் ஒழிய 3.5 பார் ஏறாது. ரெகுலேட்டரை அப்படியே விட்டுவைக்கும் திட்டமானால் 3 பாருக்குச் சற்றுக் கீழே, 2.9-இல் வைத்து அளந்தால் போதும். எந்த அழுத்தத்தில் ஓட்டப் போகிறோமோ அந்த அழுத்தத்தில் அளக்க வேண்டும்.

அளவு குறைவாக வந்தால் உடனே பம்ப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். பம்ப் கனெக்டரின் பின்பக்கம் மல்டிமீட்டர் ஊசியைச் செருகி, பம்ப் ஓடும்போது அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருக்க, பம்ப்புக்கு 12-தான் போய்ச் சேர்கிறது என்ற காட்சி பத்து வருடம் ஓடிய காரில் சாதாரணம். மெல்லிய ஒயர், பாசி பிடித்த கிரவுண்ட் போல்ட், கறுத்த ரிலே முனை, மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர், நல்ல கிரவுண்ட் என்று புதிதாக இழுத்துவிட்டால் பழைய பம்ப்பே உயிர் பெற்ற மாதிரி ஓடும். புது ரிலேயைத் தூண்டும் சிக்னலைப் பழைய பம்ப் ஒயரிலிருந்தே எடுங்கள். எஞ்சின் நின்றால், விபத்து நடந்தால், பம்ப்பை நிறுத்தும் வேலை ஈசியூவிடமே இருக்க வேண்டும். தனி ஸ்விட்ச் வைத்து பம்ப்பை ஓட்டும் பழக்கத்தை நான் எந்த வண்டியிலும் ஏற்பதில்லை. கவிழ்ந்த காரில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

டேங்குக்குள் கை வைக்கும்போது பம்ப் அடியில் உள்ள வலை ஃபில்டரையும் மெயின் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். மாடியூலின் அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். டேங்க் கால் பங்கு இருக்கும்போது வளைவில் வேகமாகத் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப்பின் வாயைச் சுற்றி எப்போதும் பெட்ரோல் நிற்க வைப்பது அந்தக் கிண்ணம்தான். பம்ப் அரை வினாடி காற்றை உறிஞ்சினாலும் பூஸ்ட்டில் அது ஒரு லீன் துடிப்பு.

இப்போது சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. ரிட்டர்ன் லைன் போட்டு, மேனிஃபோல்டிலிருந்து குழாய் இழுத்து, பூஸ்ட்டுக்குச் சமமாக ரெயில் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர் வைக்க வேண்டுமா? அப்படி வைத்தால் வித்தியாசம் எப்போதும் 3 பார், இன்ஜெக்டர் எப்போதும் ஒரே மாதிரி நடக்கும், ட்யூன் செய்வது சுலபம். எதிர்த்தரப்பு வாதமும் வலுவானது: புது லைன், புது இணைப்புகள், ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம், எஞ்சின் பேயின் சூட்டை அள்ளிக்கொண்டு பெட்ரோல் திரும்பத் திரும்ப டேங்குக்குப் போவதால் டேங்க் சூடாகும். மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்து வித்தியாசத்தைத் தானே கணக்கிடும் ஈசியூ இருந்தால், ரிட்டர்ன் இல்லாமலே சரியாக ஓட்ட முடியும். என் கருத்து: உங்கள் 0.5 பாருக்கு இருக்கிற அமைப்பை வைத்துக்கொண்டு, இன்ஜெக்டரைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரெயிலில் ஒரு ஃபியூயல் பிரஷர் சென்சார் வையுங்கள். 0.8, 1 பார் என்று போகும் எண்ணம் இப்போதே இருந்தால் ரிட்டர்ன் லைனை இப்போதே இழுத்துவிடுங்கள். இந்த எல்லைக்கோட்டை வேறு இடத்தில் போடும் நல்ல ட்யூனர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியை ட்யூன் செய்யப் போகிறவர் எதில் பழகியவரோ அதற்குக் கொஞ்சம் எடை கொடுங்கள். ரிட்டர்ன் போட்டு, தேவைக்கு மிகப் பெரிய பம்ப்பும் போட்டால், ஐடிலில் திரும்பும் பெட்ரோலை மெல்லிய லைன் தாங்காமல் ரெயில் அழுத்தம் ஏறி நிற்கும். பம்ப் பெரிதானால் ரிட்டர்ன் லைனும் பெரிதாக வேண்டும்.

ஈசியூ பக்கம். உங்கள் கம்பெனி ஈசியூவின் மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார் வளிமண்டல அழுத்தத்தைக் கொஞ்சம் தாண்டும் வரைதான் படிக்கும். அதற்கு மேல் பூஸ்ட் 0.2-ஆ 0.5-ஆ என்பது அதற்குத் தெரியாது. குருட்டுக் கணக்கில் எத்தனை பெரிய இன்ஜெக்டர் இருந்தும் பயனில்லை. 2.5 அல்லது 3 பார் வரை படிக்கும் சென்சார், அதைப் புரிந்துகொள்ளும் ஈசியூ, அல்லது அப்படி மாற்றி எழுதப்பட்ட மென்பொருள் கட்டாயம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பாதி ஆக்ஸிலரேட்டரில் மெதுவாக பூஸ்ட் ஏறும்போது கம்பெனி மென்பொருள் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துக் கலவையைச் சிக்கன நிலைக்கே இழுத்துக்கொண்டிருக்கும். முழுதாக மிதித்தால்தான் ஆபத்து என்று நினைத்திருக்க, மேடேறும்போது எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். பூஸ்ட் தொடங்கும் இடத்திலேயே அந்த இழுப்பை நிறுத்திவிட வேண்டும். கம்பெனி சென்சார் சரியான கலவையைச் சுற்றி மட்டுமே நம்பகமானது என்பதால், ரிச், லீன் எந்த அளவையும் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் டர்போவை ஸ்டார்ட்கூட செய்யாதீர்கள். முழு பூஸ்ட்டில் லாம்டா (1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே ரிச்) 0.78-க்கும் 0.82-க்கும் இடையே தொடங்குவது என் வழக்கம். துல்லியமான எண் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அதை டைனோவில்தான் முடிவு செய்ய வேண்டும். காற்று-பெட்ரோல் விகித எண்ணைவிட லாம்டாவில் பேசுவது நல்லது, ஏனென்றால் எத்தனால் கலந்த பெட்ரோலில் விகிதம் மாறினாலும் லாம்டாவின் பொருள் மாறாது.

எத்தனால் என்றதும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுத்தப் பெட்ரோலைவிட 7, 8 சதவீதம் கூடுதல் அளவு தெளிக்க வேண்டும். 380 சிசியில் அதற்கு இடம் இருக்கிறது. 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85-க்குப் போனால் 30 முதல் 40 சதவீதம் கூடுதல். அப்போது இன்ஜெக்டர், பம்ப் இரண்டின் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும்.

தண்ணீர்-மெத்தனால் தெளிப்பு புதிய யோசனை இல்லை. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் அதைக் கம்பெனியிலிருந்தே கொண்டுவந்தது, 10.25-க்கு 1 கம்ப்ரெஷனில் டர்போ ஓட்ட அவர்களுக்கு வேறு வழியில்லை. அதில் கவனிக்க வேண்டியது, அந்தத் திரவம் தீர்ந்தால் பூஸ்ட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையும் அவர்கள் சேர்த்தே வைத்தார்கள். இந்தத் தெளிப்பு சூட்டைக் குறைக்கும், நாக்கிங்கைத் தள்ளிப்போடும். பெட்ரோல் அமைப்பின் பற்றாக்குறையை நிரப்ப அதை நம்பினால், ஒரு சின்ன நாஸில் அடைத்துக்கொண்ட நாளில் எஞ்சின் போகும். இன்ஜெக்டரைச் சரியாகப் போட்ட பிறகு கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கென்று முத்திரை போட்ட ஹோஸும் அதற்கான கிளாம்ப்பும் மட்டுமே. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்குத் தனி ரகம் உண்டு. வெளியே போடும் ஹோஸை உள்ளே போட்டால் ஊறி, உப்பி, வெடிக்கும். வண்டி ஓடாமல் போனதற்குக் காரணம் தேடி எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, டேங்குக்குள் பிளந்து கிடந்த ஒரு விரல் நீள ஹோஸைக் கண்டெடுத்த அனுபவம் எங்கள் தொழிலில் பலருக்கும் உண்டு. டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் செஞ்சூடாகும். அதன் அருகே எந்த பெட்ரோல் லைனும் போகக் கூடாது, போயே ஆக வேண்டுமென்றால் வெப்பக் கவசம் வேண்டும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டு, சில துளி எஞ்சின் ஆயில் தடவி, திருகாமல் நேராக அழுத்துங்கள். உலர்வாகச் செருகினால் ஓரம் வெட்டுப்படும், அது அப்போது தெரியாது. மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் நாலைந்து முறை போட்டுப் பம்ப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்.

இதே கேள்வியோடு நேரடி இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் படித்தால்: இந்தக் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கேம்ஷாஃப்ட் ஓட்டும் உயரழுத்தப் பம்ப் 200 பார் அளவில் வேலை செய்கிறது, தெளிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. பலர் மேனிஃபோல்டில் கூடுதல் இன்ஜெக்டர் வரிசை வைப்பது அதனால்தான். டீசலில் பிரச்சினை நேர்மாறு. அங்கே எரிபொருள் கூடினால்தான் எக்ஸாஸ்ட் சூடேறி டர்போவும் பிஸ்டனும் வேகும்.

வேலையின் வரிசையைச் சொல்கிறேன். டர்போவைக் கடைசியில் மாட்டுங்கள். முதலில் ஒயரிங், ஃபில்டர், பம்ப் சோதனை. பிறகு புது இன்ஜெக்டர், புது பிரஷர் சென்சார், வைட்பேண்ட், ஈசியூ. இவற்றோடு, டர்போ இல்லாமலேயே, சில வாரம் தினசரி ஓட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட், ஐடில், ஏசி, நெரிசல் எல்லாம் பழையபடி ஒழுங்காக இருக்கும் வரை ட்யூனை விடாதீர்கள். இந்த நிலையில் ஒரு கோளாறு வந்தால் காரணம் எரிபொருள் பக்கம்தான் என்பது உறுதி. டர்போவையும் சேர்த்து மாட்டிவிட்டால் எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது. பிறகு டர்போ, குறைந்த பூஸ்ட்டில், 0.3 பாரில் தொடங்கி. ஒவ்வொரு ஓட்டத்திலும் ரெயில் அழுத்தம், மேனிஃபோல்ட் அழுத்தம், லாம்டா, டியூட்டி சைக்கிள், பம்ப் வோல்டேஜ் ஐந்தையும் பதிவு செய்யுங்கள். மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் ரெட்லைன் வரை போகும்போது ரெயில் அழுத்தக் கோடு மட்டமாக நிற்க வேண்டும். கடைசி ஆயிரம் ஆர்பிஎம்மில் அது 0.2 பார் சரிந்தாலும், லாம்டா நன்றாகவே இருந்தாலும், பூஸ்ட்டை ஏற்றாதீர்கள். பம்ப்போ ஃபில்டரோ ஒயரோ அங்கே தன் எல்லையைக் காட்டுகிறது. அழுத்தம் சரிந்தால் பூஸ்ட்டை வெட்டும் பாதுகாப்பு உங்கள் ஈசியூவில் இருந்தால் அதை முதல் நாளே இயக்கிவையுங்கள்.

30 வினாடிச் சோதனையில் வந்த மில்லி, பம்ப் கனெக்டரில் வந்த வோல்ட், நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் இன்ஜெக்டரின் தாமத அட்டவணை, இவை கையில் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். பம்ப்பை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த எண்களை வைத்து உறுதியாகச் சொல்லிவிடலாம்.